இணையத்தில் இருப்பதெல்லாம் ஆதாரமா?

மாணவர் ஆய்வும் தகவலின் நம்பகமும் என்னும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இணையத்தில் கிடைக்கும் தகவலை நம்பி மாணவர்கள் ஆய்வு செய்யலாமா? இதுதான் இன்று எங்களுக்குத் தரப்பட்ட கேள்வி. தாராளமாகச் செய்யலாம், உலகமே உள்ளங்கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். கூடாது, நூலகத்துக்குப் போங்கள் என்று இன்னொருவர் சொன்னார். நான் இருவர் பக்கமும் சேரப் போவதில்லை. சந்தைக்குப் போகிறோம். மீன் வாங்குகிறோம். சந்தையை நம்பலாமா கூடாதா என்று அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்துவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், விரலால் அழுத்திப் பார்க்கிறோம். நல்லதாக இருந்தால் கூடையில் போடுகிறோம். இணையமும் ஒரு பெரிய சந்தைதான். அங்கே செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டுவோம், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவோம். ஆகவே நம் பேரா மாநிலத்து வரலாற்றிலிருந்தே சில சான்றுகளை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்பது கன்றுகளை நட்டவர் யார்?

எஸ்.டி.பி.எம். மாணவர் ஒருவர் ரப்பரின் வரலாற்றைத் தம் இடுபணிக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தேர்வு. நம் முன்னோரில் பெரும்பாலோர் இந்த மண்ணுக்கு வந்ததே அந்த மரத்துக்காகத்தான். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு பழைய பால்மரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1877ஆம் ஆண்டு அவ்வூரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சி நிற்பது அது என்பார்கள். நட்டவர் யார் என்று நம் மாணவர் இணையத்தில் தேடுகிறார். எச்.என்.ரிட்லி நட்டார் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அடுத்த பக்கமும் அதையே சொல்கிறது. இத்தனை பேர் சொல்லும்போது தவறாகவா இருக்கும் என்று மாணவர் எழுதிவிடுகிறார்.

இப்போது ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வோம். ரிட்லி பிறந்த ஆண்டு 1855. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்க அவர் வந்து சேர்ந்த ஆண்டு 1888. கன்றுகள் நடப்பட்டதோ 1877. அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்த, ஏறத்தாழ 22 வயது இளைஞர். மலாயா மண்ணை மிதிக்க இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. அவர் எப்படிக் கோலகங்சாரில் கன்று நட்டிருக்க முடியும்?

அந்த ஒன்பது கன்றுகளைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர், அன்று தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த மர்ட்டன் என்பவர். நடப்பட்ட இடம், பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக அவ்வாண்டில்தான் பொறுப்பேற்ற ஹியூ லோவின் இல்லத் தோட்டம். ரிட்லியின் பெருமை வேறு. மரம் சாகாமல், பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தவர் அவர். ரப்பர் பயிரிடுங்கள் என்று காப்பித் தோட்டக்காரர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தவர். அந்தப் பெரிய பெயர், பக்கத்தில் இருந்த மற்றவர்களின் செயலையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. புகழ் பெற்றவர்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும்.

மாணவர்களே, இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு பெயரும் ஓர் ஆண்டும் சேர்ந்து வந்தால், அந்த மனிதர் அந்த ஆண்டில் எங்கே இருந்தார், வயது என்ன என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று பொருளில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீரைப் பத்துக் குடத்தில் மொண்டு வைத்தால் பத்துக் கிணறு ஆகிவிடாது. ஐயம் வந்தால் ஒரு முழு வாக்கியத்தை அப்படியே எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அதே சொற்கள், அதே எழுத்துப்பிழை, அதே வரிசை என்று வந்தால் எல்லாம் ஒரு கிணற்றுத் தண்ணீர்தான்.

இரண்டு தேதிகள் இருந்தால்?

ஈப்போ மக்கள் மறக்கக்கூடாத பெயர் சிபில் கார்த்திகேசு. ஜப்பானியர் ஆட்சியில், ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில், கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு சேர்ந்து காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவம் பார்த்தவர். 1943ல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானவர். போருக்குப் பின் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். அவர் காலமான ஆண்டு எது என்று தேடினால் 1948 என்று சில பக்கங்களும் 1949 என்று சில பக்கங்களும் சொல்லும்.

இங்கே என்ன செய்வது? பல மாணவர்கள் முதலில் கண்ட ஆண்டை எழுதிவிடுகிறார்கள். சிலர் அந்த வரியையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். வேறுபாடு வந்த காரணத்தைத் தேடுங்கள். சிபில் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குச் சென்று, அங்கே 1948 ஜூன் மாதம் காலமானார். ஸ்காட்லாந்தில் லானார்க் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு, 1949ல், அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போ மக்கள் திரண்டு இறுதி மரியாதை செலுத்தியது அந்த இரண்டாம் அடக்கத்தில்தான். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகிப்போனால் இரண்டு ஆண்டுகளும் குழம்பிப் போவதில் வியப்பில்லை.

அவசரகாலச் சட்டம் தொடங்கிய நாளும் அப்படித்தான். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துப் பேரா, ஜொகூர் பகுதிகளில் முதலில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 18ல் அது மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. 16 என்பவரும் 18 என்பவரும் வெவ்வேறு அறிவிப்புகளைச் சொல்கிறார்கள். இதை விளக்கி எழுதும் மாணவர், ஒரு தேதியை மட்டும் காப்பியடித்த மாணவரைவிட வரலாற்றை நன்றாகப் புரிந்துகொண்டவர். முரண்பாட்டைக் கண்டு பயப்படாதீர்கள். ஆய்வு தொடங்கும் இடமே அதுதான்.

சொன்னவர் யார், ஏன் சொன்னார்?

ரப்பர் விதையின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கியூ தாவரத் தோட்டத்தில் விதைத்தார்கள். அவற்றில் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. நம் நாட்டுப் பால்மரங்களுக்கு அதுவே மூலம். இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் பல இணையப் பக்கங்கள், விக்கம் அந்த விதைகளைக் கள்ளத்தனமாகக் கடத்தினார், அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவினார் என்று திரைப்படம் போல வருணிக்கின்றன. படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ரப்பர் விதையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அன்று பிரேசிலில் சட்டம் இருக்கவில்லை. பிறகு அந்தக் கதை எங்கிருந்து வந்தது? அதில் விக்கமுக்கே பெரும்பங்கு உண்டு. 32 ஆண்டுகள் கழித்து, 1908ல், ரப்பர் உலகத்தையே ஆளத் தொடங்கிய பிறகு, தம் பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தம் துணிச்சலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. பிரேசில் நாட்டினருக்கோ, தங்கள் செல்வம் திருட்டுப் போனது என்று சொல்லக் காரணம் இருந்தது. இரண்டு தரப்புக்கும் பொருந்திய கதை நிலைத்துவிட்டது.

ஆகவே நேரில் இருந்தவர் சொன்னார் என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அகப்பக்கம், அது தொடங்கிய ஆண்டையும் தலைவர்களின் பெயரையும் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். துன் சம்பந்தன் முயற்சியில் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அந்த ஆண்டை அறியச் சங்கத்தின் பக்கம் போதும். தோட்டத் துண்டாடலைத் தடுப்பதில் அது எவ்வளவு வெற்றி கண்டது என்று மதிப்பிட வேண்டுமானால், சங்கத்துக்கு வெளியே உள்ள ஆய்வாளர்களையும் படிக்க வேண்டும். ஒரே பக்கம் ஒரு கேள்விக்கு நல்ல சான்றாகவும் மற்றொரு கேள்விக்குப் போதாத சான்றாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை வந்த வழி

இனி நான் சொல்லப்போவது மனம் கனக்கும் விஷயம். சயாம் மரண ரயில். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942க்கும் 1943க்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஏற்றிப் போனார்கள். ஆசை காட்டியும் கொண்டுபோனார்கள், பலவந்தமாகவும் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர் எத்தனை பேர்?

இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஓர் எண்ணிக்கை சொல்லும். புலனத்தில் வரும் செய்திகளில் அந்த எண் ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்துகொண்டே போகும். இதில் நமக்கு உணர்ச்சி உண்டு. அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த எண்ணை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அவர்கள் சிப்பாய்கள். பெயரும் படை எண்ணும் பதிவில் இருந்தன. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, கல்லில் பெயர் இருக்கிறது.

ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர் எல்லாரையும் சேர்த்து இறந்தோர் ஏறக்குறைய 90,000 என்பது பல நூல்கள் தரும் மதிப்பீடு. அதைவிடக் கூட்டிச் சொல்வோரும் குறைத்துச் சொல்வோரும் உண்டு. எல்லாமே மதிப்பீடுகள்தான். யாரும் தலையை எண்ணிப் பெயரை எழுதி வைக்கவில்லை. அந்த எண்ணிக்கை ஏன் உறுதியாக இல்லை என்பதிலேயே நம் மக்களின் அவலம் அடங்கியிருக்கிறது. ஒரு மாணவர், இத்தனை பேர் இறந்தார்கள் என்று எங்கோ கண்ட பெரிய எண்ணை உறுதியாக எழுதினால், விவரம் அறிந்தவர் அதைத் தவறென்று ஒதுக்கிவிடுவார். மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து ஒதுக்கப்படும். ஆய்வாளர்கள் இவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள், உறுதியான பதிவு இல்லாததற்குக் காரணம் இது என்று எழுதினால் அந்தக் கட்டுரையை யாராலும் அசைக்க முடியாது.

ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அந்தக் காலத்தின் வலி அதில் தெரியும். ஆனால் நாவலில் வரும் ஓர் உரையாடலையோ எண்ணையோ வரலாற்றுச் சான்றாகக் காட்டக்கூடாது. நாவலை நாவலாகப் படிப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

விக்கிபீடியாவும் செயற்கை நுண்ணறிவும்

விக்கிபீடியாவைப் பார்க்கலாமா என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். பாருங்கள். 2005ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ், விக்கிபீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலிருந்தும் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்தது. விக்கிபீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிக்காவில் 123 பிழைகளும் கண்டார்கள். அந்த ஒப்பீட்டு முறையையே பிரிட்டானிக்கா மறுத்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய கலைக்களஞ்சியத்திலும் பிழை உண்டு என்பதும், பலர் கூடி எழுதுவது முழுக்கக் குப்பையல்ல என்பதும் தெரியவந்தது. அதே 2005ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரின் பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருப்பதாக யாரோ எழுதிய பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது.

ஆகவே விக்கிபீடியாவை வாசற்படியாக வைத்துக்கொள்ளுங்கள். வாசற்படியிலேயே படுத்துத் தூங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அடிக்குறிப்புகள் இருக்கும். அவை சுட்டும் நூலுக்கும் ஆவணத்துக்கும் போங்கள். அடிக்குறிப்பே இல்லாத பத்தியை எடுத்தாளாதீர்கள்.

இப்போது அதைவிடப் பெரிய ஆசை வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வந்தபின், கேள்வி கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் செயலிகள் பெருகிவிட்டன. மொழி சரளமாக இருக்கும். தயக்கமே இருக்காது. ஆனால் இல்லாத புத்தகத்தின் பெயரையும் இல்லாத ஆசிரியரின் பெயரையும் அவை அதே சரளத்தோடு சொல்லக்கூடும். 2023ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், இந்தச் செயலி தந்த பழைய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்க வழக்குகளைப் பற்றி இணையத்தில் மலைபோல் எழுத்து இருக்கிறது. அங்கேயே இந்தக் கதி. சுங்கை சிப்புட்டில் மூடப்பட்ட ஒரு சிறு தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், எதைப் படித்து அது பதில் சொல்லும்? மற்ற தோட்டங்களைப் பற்றிப் படித்ததைக் கலந்து நம்பும்படி ஒரு கதை சொல்லும். அது தரும் ஒவ்வொரு நூற்பெயரையும் நூலகப் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே தொடுங்கள்.

புலனச் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாசா சொன்னது, யுனெஸ்கோ அறிவித்தது என்று தொடங்கும் செய்தி வந்தால் உடனே அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். உலகிலேயே சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ இந்தியாவின் கீதத்தைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. உள்நாட்டுச் செய்தி என்றால், 2017ல் தொடங்கப்பட்ட 'செபெனார்ஞா' என்னும் தளத்தில் பல வதந்திகளுக்கு மறுப்புக் கிடைக்கும். அது அரசு அமைப்பு நடத்தும் தளம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இணையத்தில் இல்லாத தோட்டங்கள்

இதுவரை இணையத்தில் இருப்பதைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அதிகக் கவலை தருவது இணையத்தில் இல்லாதது.

பேராவில் எத்தனையோ கித்தா தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை எதுவும் இன்று இல்லை. தம் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் இணையத்தில் தேடுகிறார். ஒன்றும் வரவில்லை. "தகவல் இல்லை, வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். இப்படி ஒரு தோட்டம் இரண்டாம் முறை அழிகிறது.

தேடியும் கிடைக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம் பெயர். தோட்டத்துக்குக் கம்பெனிக் கணக்கில் ஓர் ஆங்கிலப் பெயர், நம் மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். பாட்டி சொல்லும் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். பிறந்த இடமாகத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கக்கூடும். அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள், கதவு திறக்கும்.

இரண்டாவது காரணம் ஊர்ப்பெயர். இன்றைய தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். கோலசெப்பெத்தாங் முன்பு போர்ட் வெல்ட். ஈப்போவின் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை முன்பு புரூஸ்டர் ரோடு. பழைய பத்திரிகையில் புதிய பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மூன்றாவது, தமிழ்ப்பள்ளியை வைத்து இடத்தைக் கணிப்பது. தோட்டம் மூடப்பட்ட பிறகு பல தமிழ்ப்பள்ளிகள் வேறு இடத்துக்கு மாறின. பெயரில் மட்டும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் பள்ளி இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டம் அங்கேதான் இருந்தது என்று எழுதிவிடக்கூடாது.

சரி, எங்கே தேடுவது? சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. 1845ல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதல் 1935ல் தொடங்கிய 'தமிழ் முரசு' வரை அங்கே உண்டு. நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலையும் இணையத்தில் தேடலாம். கெர்னியல் சிங் சந்து 1969லும் சின்னப்பா அரசரத்தினம் 1970லும் வெளியிட்ட நூல்கள் மலாயா இந்தியர் வரலாற்றுக்கு அடிப்படை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற இதழ்களின் பழைய பிரதிகளுக்கு நூலகப் படியேறத் தயாராக இருங்கள்.

ஆங்கிலப் பத்திரிகையைப் படிக்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக் கம்பெனியின் மகசூலும் பங்குதாரருக்குக் கொடுத்த ஈவுத்தொகையும் துல்லியமாக இருக்கும். துரைமார் பணிமாற்றம் பெயரோடு இருக்கும். பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் 'கூலிகள் இத்தனை பேர்' என்று ஓர் எண்ணாக மட்டும் வருவார்கள். அச்சில் வந்தது, நூறாண்டுப் பழமையானது என்பதால் அது முழு உண்மையாகிவிடாது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் பார்வைதான் அதில் இருக்கும்.

பாட்டியும் ஒரு சாட்சி

அந்தக் குறையை நிரப்பக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். காலை இருட்டில் பெரட்டுக்கு நின்ற பாட்டி, கிராணி செக்ரோலில் பெயர் எழுதியதைப் பார்த்த தாத்தா. இவர்களை யாரும் கேட்டுப் பதிவு செய்யவில்லை. ஆனால் அவர்கள் சொல்வதையும் சோதிக்கத்தான் வேண்டும். முதியவர் சொல்லைச் சோதிப்பது அவமரியாதை ஆகாது. அக்கறை உள்ளவர்தான் விவரம் கேட்பார்.

"நீங்கள் பார்த்ததா பாட்டி, பிறர் சொல்லிக் கேட்டதா?" என்று கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் பெரிய நிகழ்ச்சிகளோடு பொருத்திக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா? சுதந்திரம் வந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? 1969ல் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்ததே, அப்போது எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? அதே தோட்டத்து இன்னொரு முதியவரைத் தனியே கேளுங்கள். பிறகு தாளில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, பள்ளி வருகைப் பதிவேடு, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ், கோயில் மணியில் பொறித்த உபயதாரர் பெயரும் ஆண்டும், இடுகாட்டுக் கல். இவையெல்லாம் ஆவணங்கள்தான். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள்.

இணையப் பக்கத்தைப் பயன்படுத்தினாலும் பார்த்த நாளைக் குறியுங்கள். பக்கங்கள் நிலையானவை அல்ல. ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் உருவாக்கிய பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. முக்கியமான பக்கத்தை அச்செடுத்து வைப்பதும், இணைய ஆவணக் காப்பகத்தில் அதன் பழைய படி இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது பக்கம் வேண்டும், வண்ணப்படம் வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் வெட்டி ஒட்டத்தான் செய்வார்கள். ஐந்து பக்கம் போதும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது, ஏன் அதை நம்பினாய் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூலங்கள் முரண்படும் ஓர் இடத்தையாவது காட்டச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். "இதற்கு மேல் உறுதியான சான்று கிடைக்கவில்லை" என்று மாணவர் எழுதினால் புள்ளியைக் குறைக்காதீர்கள். நேர்மைக்கு அது அடையாளம்.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை புலனச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு "இது உண்மையாப்பா?" என்று கேட்டால், பெரியவர்கள் அனுப்பியதைச் சந்தேகப்படாதே என்று அதட்டாதீர்கள். வாங்க சேர்ந்து தேடுவோம் என்று பக்கத்தில் உட்காருங்கள். திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். மேடையில் ஒப்பிக்கும் அறிவு, கைத்தொலைபேசியைத் திறக்கும்போது மட்டும் ஏன் விடைபெற்றுக்கொள்கிறது?

மாணவர்களே, நிறைவாக ஒன்று. இன்று நீங்கள் எழுதும் இடுபணியை நாளை யாரேனும் இணையத்தில் ஏற்றலாம். அதைப் பார்த்து அடுத்த மாணவர் எழுதுவார். அதைப் படித்துவிட்டு ஏதோ ஒரு செயலி பதில் சொல்லும். இதுவரை நீங்கள் தகவலைத் தேடுகிறவர்கள். எழுதி முடித்த நொடியில் நீங்களே மூலமாகிவிடுகிறீர்கள். மூடப்பட்ட தோட்டங்களைப் பொறுத்தவரை நீங்கள் எழுதுவது முதல் பதிவாகவும் இருக்கலாம், ஒரே பதிவாகவும் இருக்கலாம். பாட்டி சொன்னதை எழுதும்போது தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சரிபார்த்து எழுதுங்கள். அவருக்குத் தெரியாததை நீங்கள் நிரப்பாதீர்கள். இந்த வேலைக்கு அதிகக் காலம் இல்லை. ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. வரும் விடுமுறையில் போய்க் கேளுங்கள்.